கதிர்காமம் போகும் வழி
(பெருங்கூட்டத்துக்கு வேண்டிய வசதிகளும் பாதைகளும் பற்றிய ஒரு விளக்கம்)

மொனராகலை என்னும் பெயருக்கு மயிற்பாறை என்று பொருள் கூறுவர். சிங்கள மொழியிலே 'மொனரா' மயிலையும் 'கல' பாறையையும் குறிக்கும். மயிலேறும் பெருமானுடைய கதிர்காமத் திருப்பதி இம்மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்திருப்பது அப்பெயருக்கு மிகப் பொருத்தமாகவே நமக்குத் தோன்றுகின்றது. ஊவா மாகாணத்திலே பிறந்து வளர்ந்த தமிழருள் அத்திருப்பதிக்கு ஒருமுறையேனும் போகாதவர் அரியர். தேயிலை மலையிலும் இறப்பர்த் தோட்டத்திலும் உழைப்போர் ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கும் பணத்தில் ஒரு பங்கு ஆடி மாதத்துக் கதிர்காமப் பயணத்துக்கென்றே ஒதுங்குகின்றது.

அண்மையில் நம் கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "மேல்நாடுகளில் கேளிக்கைப் பூங்காக்களை விரிவாக்கும்போது வண்டித் தரிப்பிடம், பாதை, தண்ணீர், மலசலகூடம் ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கிட்டுத் திட்டம் வகுக்கிறார்களாமே; அந்தக் கணக்கு நம் ஊருக்கு எவ்வகையில் உதவும்?" என்பதே அக்கேள்வி. நம் மாகாணத்தில் அத்தகைய பெரும் பூங்கா எதுவும் இல்லை. ஆனால், எந்தப் பூங்காவும் பொறாமை கொள்ளத்தக்க கூட்டம் ஆண்டுதோறும் இரண்டு வாரம் கூடும் இடம் ஒன்று உண்டு. அதுவே கதிர்காமம். ஆகவே, பூங்கா அமைப்போர் பட்டறிவினாற் கற்ற பாடங்களைக் கதிர்காமத்தோடு பொருத்திப் பார்ப்பதே அம்மாணவருக்கு நாம் கூறத்தக்க விடையாகும். இக்கட்டுரை அவ்விடையின் விரிவே.

கேளிக்கைப் பூங்காவும் திருத்தலமும் ஒன்றாகா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். ஒன்று இன்பப் பொழுதுபோக்கு, மற்றையது வழிபாடு. எனினும், ஒரு சிற்றூரில் ஒரே நாளில் பல்லாயிரம் பேர் வந்திறங்கினால் அவர்களுக்குத் தாகம் எடுக்கும், கால் வலிக்கும், குழந்தை அழும், இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற எண்ணம் எழும். இவற்றில் பக்தனுக்கும் பார்வையாளனுக்கும் வேறுபாடில்லை.

டிஸ்னிலாந்து தந்த பாடம்

அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் என்னும் ஊரில் 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள் டிஸ்னிலாந்துப் பூங்கா திறக்கப்பட்டது. ஓராண்டுக்குள் கட்டி முடித்த அவசரத் திறப்பு அது. அன்று அழைப்புப் பெற்றோர் மட்டுமே வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால், போலிச் சீட்டுக்களோடு வந்தோரும் சேர்ந்து ஏறக்குறைய 28,000 பேர் உள்ளே புகுந்துவிட்டனர். நெடுஞ்சாலையில் வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. புதிதாக இட்ட தார் வெயிலிலே இளகிப் பெண்களின் காலணிகளைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தமையால், குடிநீர்க் குழாய்களா மலசலகூடங்களா, எதனை முதலில் முடிப்பது என்று தெரிவு செய்யவேண்டிய நிலை டிஸ்னிக்கு ஏற்பட்டது. அவர் மலசலகூடங்களைத் தெரிந்தார். குடிப்பதற்கு வேறு பானம் வாங்கலாம், மற்றையதற்கு மாற்று வழி இல்லை என்பது அவர் கண்ட நியாயம்.

இந்நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாக விட்டுவிடலாகாது. அரண்மனையும் ஆகாயவூர்தியும் எத்துணை அழகாக இருந்தாலும், வந்தவர் மனத்தில் நிற்பது வரிசையும் தாகமும் நெருக்கமுமே என்பதை அந்த ஒரு நாள் உணர்த்திற்று. 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் புளோரிடாவிலே திறக்கப்பட்ட இரண்டாவது பூங்காவிற்கு 27,000 ஏக்கர் அளவான நிலத்தை முன்கூட்டியே வாங்கினர். வண்டிகளைப் பூங்காவின் வாயிலுக்கு வரவிடாமல் ஒரு நீர்ப்பரப்பின் மறுகரையிலே நிறுத்தி, அங்கிருந்து படகிலும் ஒற்றைத் தண்டவாள ஊர்தியிலும் மக்களை அழைத்துச் சென்றனர். குப்பை அகற்றுவோரும் சமையற் பொருள் கொண்டுவருவோரும் கூட்டத்தோடு மோதாதபடி, பூங்காவின் கீழே பணியாளருக்கென்று தனி வழிகள் அமைத்தனர்.

இம்மூன்றும் நாம் மனத்திற் கொள்ளவேண்டிய விதிகள். முதலாவது, வண்டி நிற்கும் இடம் வேறு, மக்கள் கூடும் இடம் வேறு. இரண்டாவது, வருவோர் வழியும் பணி செய்வோர் வழியும் ஒன்றையொன்று வெட்டலாகாது. மூன்றாவது, எதிர்காலத்துக்கு வேண்டிய நிலத்தை இன்றே ஒதுக்கிவைக்க வேண்டும்.

கதிர்காமத்தின் அமைப்பு

இனிக் கதிர்காமத்தை நோக்குவோம். ஊவா மலைகளிலே பிறந்து தெற்கு நோக்கி ஓடும் மாணிக்க கங்கை கோயில் நிலத்தை ஊரிலிருந்து பிரித்து நிற்கின்றது. கடைகளும் விடுதிகளும் பஸ் நிலையமும் ஒரு கரையில். கந்தன் கோயிலும் தெய்வயானை அம்மன், வள்ளியம்மன் சந்நிதிகளும் பள்ளிவாசலும் கிரிவிகாரையும் மறு கரையில். பக்தர் ஆற்றில் நீராடி, ஈர உடையோடு அக்கரை சேர்வது தொன்றுதொட்டு வரும் முறை. புளோரிடாவிலே பெரும் பொருள் செலவிட்டு உண்டாக்கிய நீர்ப்பரப்பு இங்கே இயற்கையாகவே அமைந்துள்ளது! ஆறே வாயில், ஆறே எல்லை. புனித நகரத் திட்டம் வகுத்தோர் குடியிருப்பையும் கடைத்தெருவையும் கோயில் நிலத்திலிருந்து விலக்கி வைத்தது இவ்வகையில் நல்ல முடிவே.

ஆனால், ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பூங்கா நிரம்பிவிட்டால் வாயிலை மூடலாம். நுழைவுச் சீட்டின் விலையை உயர்த்திக் கூட்டத்தைக் குறைக்கலாம். முருகன் சந்நிதியில் அது நடவாது. நேர்த்திக்கடன் உடையவனை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பும் உரிமை எவருக்கும் இல்லை. எனவே, பூங்கா அமைப்போரைக் காட்டிலும் கதிர்காமத்துக்குத் திட்டம் வகுப்போர் அதிக முன்யோசனை உடையவராக இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை ஆங்கில அரசு வேறு விதமாக எதிர்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாத்திரிகர் கூட்டத்தோடு வாந்திபேதியும் சேர்ந்து பயணம் செய்தது. வழியிலே நல்ல நீர் இல்லை. கழிவு அகற்ற ஏற்பாடு இல்லை. அரசினரோ வசதிகளைப் பெருக்குவதற்கு முன்னர் யாத்திரிகரைக் குறைப்பதிலேயே கருத்தைச் செலுத்தினர். அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தனர். பின்னர், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ப் என்பாரும் கதிர்காமத்துக்குச் சென்று யாத்திரையை மேற்பார்வை செய்தார். பிற்காலத்திலே சிறந்த எழுத்தாளராக விளங்கிய அவர் 1913 இல் வெளியிட்ட நாவலில் இந்த யாத்திரையின் சாயல் படிந்திருப்பதைக் காணலாம். இன்று தடுப்பு மருந்தும் குழாய் நீரும் உள்ளன. ஆயினும், கூட்டம் பெருகும் வேகத்துக்கு நீரும் துப்புரவும் ஈடுகொடுக்காவிடின் பழைய நோய்கள் திரும்பி வர நெடுநாள் ஆகாது.

யாத்திரிகர் தங்கும் மடங்களின் வரலாறும் நினைவுகூரத்தக்கது. 1950 களில் இராமகிருஷ்ண மிஷன் கதிர்காமத்திலே எழுப்பிய பெரிய மடத்தில் சாதி சமய வேறுபாடின்றி எல்லோர்க்கும் தங்குமிடமும் அன்னமும் கிடைத்தன. பின்னாளில் அரசு அதனைக் கையேற்றது. அந்த மடத்தின் சோற்றை உண்டு வளர்ந்த நினைவு மலைநாட்டு முதியோர் பலரிடம் இன்றும் உண்டு. ஏழை யாத்திரிகன் ஒருவன் கைப்பணமின்றி இரவைக் கழிக்க ஓர் இடம் இருத்தல் வேண்டும் என்பதே அந்த நினைவு நமக்குத் தரும் திட்ட விதி. விடுதிகள் நூறு எழுந்தாலும் அவை மடத்துக்கு ஈடாகா.

சில கணக்குகள்

மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி, சில கணக்குகளைச் செய்து காட்டுகின்றோம். எண்ணை எடுத்துக்காட்டாகவே கொள்க. ஒரு நாளில் 50,000 பேர் வந்து தங்குகின்றனர் என வைத்துக்கொள்வோம்.

முதலிலே தண்ணீர். இடர்காலத்து நிவாரணப் பணிகளுக்கென உலகெங்கும் கைக்கொள்ளப்படும் ஸ்பியர் நியமங்கள், ஒருவர்க்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் வேண்டும் என்கின்றன. அதன்படி 50,000 பேருக்கு 7,50,000 லீற்றர் வேண்டும். 10,000 லீற்றர் கொள்ளும் பௌசர் வண்டியிலே கொண்டுவருவதாயின் அது 75 தடவை வந்து போகவேண்டும். அந்த 75 பயணமும், யாத்திரிகர் வரும் அதே தெருவிலே நிகழுமானால் நெரிசல் என்னாகும்? நீரைக் குழாய்வழி கொண்டுவந்து உயரமான தொட்டிகளிலே முதல் நாளே நிரப்பி வைப்பது ஏன் இன்றியமையாதது என்பது இக்கணக்கினால் விளங்கும்.

அடுத்தது மலசலகூடம். அதே நியமங்கள், குறுகிய காலக் கூட்டத்துக்கு ஐம்பது பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்பன. 50,000 பேருக்கு அவ்வாறு 1,000 வேண்டும். பொது இடங்களிலே ஆண்களுக்கு ஒன்று எனின் பெண்களுக்கு மூன்று என்னும் விகிதமும் விதிக்கப்பட்டுள்ளது. அதன்படி பெண்களுக்கு 750, ஆண்களுக்கு 250. நம் நாட்டிலோ இரு பாலார்க்கும் சரிபாதியாகக் கட்டிவிட்டு, பெண்கள் பகுதியிலே மட்டும் வரிசை நீள்வது ஏன் என்று வியக்கின்றோம். கைக்குழந்தையோடும் ஈரச் சேலையோடும் வரும் தாய்க்கு எத்துணை நேரம் வேண்டும் என்பதை ஆண்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, வழியின் அகலம். சமதரையிலே ஒரு மீற்றர் அகலமுள்ள வழியில் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 80 பேர் நெரிசலின்றிக் கடக்கலாம் என்பது விளையாட்டரங்குகளை அமைப்போர் கைக்கொள்ளும் அளவு. படிக்கட்டாயின் அது 66 ஆகக் குறையும். நான்கு மீற்றர் அகலமுள்ள பாலம் ஒன்றிலே, எல்லோரும் ஒரே திசையில் நடந்தால், நிமிடத்துக்கு 320 பேர். 50,000 பேர் கடக்க இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகும். எதிர்த்திசையிலும் மக்கள் வருவாராயின் இதன் பாதி வேகந்தானும் கிடையாது. ஆகவே, போக ஒரு பாலம், வர ஒரு பாலம் என வகுப்பதே முறை. பெரஹரா முடிந்ததும் எல்லோரும் ஒரே வேளையில் திரும்புவர் என்பதையும் மறத்தலாகாது. 2024 ஆம் ஆண்டு யூலைத் திருவிழாவிலே யானையொன்று மிரண்டபோது மக்கள் சிதறியோடிப் பலர் காயமுற்றனர். ஓடுவதற்கு இடம் இருந்தால் அச்சம் தானே அடங்கும். இடம் இல்லையேல் அச்சமே ஆபத்தாகிவிடும்.

நான்காவது, வண்டிகள். ஒரு பஸ் நிற்கவும் திரும்பவும் 100 சதுர மீற்றர் வேண்டும் எனக் கொண்டால், 500 பஸ் வண்டிகளுக்கு 50,000 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 12 ஏக்கர் வேண்டும். அவ்வளவும் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறவேண்டுமாயின் பதினைந்து விநாடிக்குள் ஒரு பஸ் புறப்படவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், வண்டிக்கு 15 மீற்றர் வீதம் ஏழரைக் கிலோமீற்றர் நீளும். இதனை ஒரே தெருவால் அனுப்புதல் இயலாது; வந்த திசைக்கு ஏற்பத் தரிப்பிடங்களையும் பிரித்து வைக்கவேண்டும். திஸ்ஸமகாராமைப் பக்கம் போவன தெற்கிலும், புத்தல பக்கம் போவன வடக்கிலும் நிற்றல் வேண்டும்.

நான்கு வழிகள்

கதிர்காமத்துக்குச் செல்வோர் நான்கு வழியாக வருகின்றனர். தென்கரை வழியாகக் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, திஸ்ஸமகாராமை என வருவது ஒன்று. ஊவா மலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி, அங்கிருந்து தனமல்வில வழியாகவோ புத்தல வழியாகவோ செல்வது மற்றொன்று. கிழக்கிலிருந்து பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல வழியாக வருவது மூன்றாவது. உகந்தை முருகனை வணங்கிக் காட்டின் ஊடே நடந்து வரும் பாதயாத்திரை நான்காவது.

இவற்றுள் தென்வழி பெரிதும் முன்னேறிவிட்டது. 2019 இல் மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 2020 இல் தெற்கு அதிவேகப் பாதை அம்பாந்தோட்டை வரை நீண்டது. மலைவழியோ அவ்வாறன்று. பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த ஆண்டு 1924. அதற்குப் பின்னர் இந்த நூறு ஆண்டிலே, பதுளைக்குத் தெற்கே சமவெளி நோக்கி ஓரடித் தண்டவாளமும் நீளவில்லை. ஆதலால், மலைநாட்டு யாத்திரிகர் அனைவரும் வளைந்து இறங்கும் தெருக்களையே நம்பவேண்டியிருக்கின்றது.

அத்தெருக்கள் எத்தகையன என்பதை 2025 ஆம் ஆண்டு நாடு முழுதும் அறிந்தது. மே மாதம் 11 ஆம் நாள் விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் வண்டி கொத்மலைப் பகுதியிலுள்ள கெரண்டி எல்லவிலே பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். செப்டெம்பர் 4 ஆம் நாள் இரவு, எல்ல–வெல்லவாயப் பாதையிலே சுற்றுலாச் சென்று திரும்பிய பஸ் வண்டி ஒன்று ஆழமான பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மாண்டனர். இரண்டும் இருள்வேளையில் நிகழ்ந்தவை. இரண்டும் மலைப்பாதையில் நிகழ்ந்தவை.

இறக்கப் பாதையின் ஆபத்தை எளிய பௌதிகக் கணக்கினால் விளக்கலாம். எல்ல ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலான உயரத்தில் உள்ளது. வெல்லவாய இருநூறு மீற்றரளவில் உள்ளது. இடையிலுள்ள தூரமோ முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. 10 தொன் நிறையுள்ள பஸ் ஒன்று 800 மீற்றர் இறங்கும்போது ஏறக்குறைய 780 இலட்சம் யூல் சக்தி வெளிப்படும். 30 பாகைச் சூடுள்ள 260 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அச்சக்தி போதும். சாரதி தாழ்ந்த கியரிலே இறங்குவாராயின் இதன் பெரும்பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். உயர்ந்த கியரிலே வேகமாக இறங்கித் தடுப்பையே மிதித்துக்கொண்டு வருவாராயின், அவ்வளவு வெப்பமும் சக்கரத் தடுப்புகளிலே சேரும். சூடேறிய தடுப்பு பிடிமானத்தை இழக்கும். அடுத்த வளைவில் வண்டி நிற்காது. சாரதியின் திறமைக்குறைவு என்று மட்டும் பேசி அமைந்துவிடுதல் போதாது. நெடிய இறக்கத்தின் தலைப்பிலே தடுப்புப் பரிசோதனை, நடுவிலே கட்டாயத் தரிப்பிடம், பள்ளத்தின் ஓரத்திலே உறுதியான காப்புவேலி, தடுப்பு இழந்த வண்டி ஏறி நிற்க மணல்மேடு என்பன பாதையின் உறுப்புகளே. பாதை என்பது தார் மாத்திரமன்று.

மலேசியாவிலே கெந்திங் மலைமுடியில் எழுந்துள்ள கேளிக்கைத் தலத்தின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதனை அமைத்தோர் முதலிலே விடுதி கட்டவில்லை; 1965 இல் மலைப்பாதை அமைக்கத் தொடங்கினர். பாதை அமைந்த பின்னரே 1971 இல் முதல் விடுதி திறக்கப்பட்டது. பின்னர்க் கம்பிவட ஊர்தியும் வந்தது. அத்துணை முன்யோசனையோடு அமைத்த மலைப்பாதையிலும் 2013 ஆகஸ்ட் 21 ஆம் நாள் பஸ் ஒன்று வீழ்ந்து 37 பேர் இறந்தனர். நல்ல பாதை அமைத்தால் மட்டும் போதாது, அதில் ஓடும் வண்டியையும் ஓட்டும் நேரத்தையும் கண்காணிக்கவேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

காட்டை என் செய்வது?

மலைப்பாதை ஆபத்தாயின், புத்தலவிலிருந்து கதிர்காமம் செல்லும் சமவெளிப் பாதையை அகலமாக்கிவிடலாமே என்று சிலர் கூறுவர். அப்பாதை யால வனத்தை ஒட்டியும் ஊடறுத்தும் செல்கின்றது. யானைகள் அங்கே தெருவில் நின்று வண்டிகளை மறித்து உணவு கேட்பதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். இது யானையின் இயல்பன்று. வழிப்போக்கர் பழமும் கரும்பும் கொடுத்துப் பழக்கிய பழக்கம். கொடுக்காதவன் வண்டியை யானை உடைக்கும். பின்பு யானைமீது பழி சுமத்துவோம். இத்தகைய பாதையை அகலமாக்கினால் வேகம் கூடும்; வேகம் கூடினால் இரவிலே மனிதனும் விலங்கும் மடிவது கூடும்.

சபரிமலையின் பட்டறிவு இங்கு வழிகாட்டும். அதுவும் காட்டினுள்ளே அமைந்த திருத்தலம். 1999 சனவரி 14 இல் பம்பையிலே நேர்ந்த நெரிசலில் 53 பேர் இறந்தனர். 2011 இல் அதே சனவரி 14 ஆம் நாள், மகரசோதி கண்டு திரும்புகையில், புல்மேட்டிலே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018 ஆகஸ்ட் மாத வெள்ளம் பம்பைக் கரைத் தரிப்பிடங்களை அழித்த பின்னர், தனியார் வண்டிகளை நிலக்கல் என்னும் இடத்திலேயே நிறுத்தி, அங்கிருந்து அரசுப் பஸ் வண்டிகள் தொடர்ச்சியாகப் பக்தரை ஏற்றி இறக்கும் முறை வந்தது. காட்டுப் பாதையை அகலமாக்குவதற்குப் பதிலாக, அதில் ஓடும் வண்டிகளின் தொகையைக் குறைத்தனர். ஆயிரம் சிறு வண்டிகள் ஏற்றும் மக்களை நூறு பஸ் வண்டிகள் ஏற்றிவிடும் அன்றோ? புத்தலவிலும் திஸ்ஸமகாராமையிலும் அத்தகைய அடித்தளங்களை அமைத்து, திருவிழாக் காலத்தில் அங்கிருந்து தொடர் பஸ் சேவை நடத்துவதே நமக்கும் உகந்த வழி என்பது நமது துணிபு.

பாதயாத்திரை வழியைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தையிலே காட்டு வாயில் திறக்கும் நாளுக்குக் காத்திருந்து, குமுக்கன் ஆற்றைக் கடந்து வருவோர் இன்றும் உளர். போர்க் காலத்திலே குலைந்த இவ்வழக்கம் மீண்டும் தழைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவர்களுக்கு வேண்டுவன தார்த் தெருவும் கடையும் அல்ல. வழியிடையே நல்ல தண்ணீர், மருத்துவ உதவி, குப்பையைத் திருப்பி எடுத்துச் செல்லும் ஒழுங்கு ஆகிய மூன்றுமே. பிளாஸ்திக் போத்தலைக் காட்டில் எறிந்துவிட்டுக் கந்தனைக் கும்பிடுதல் எவ்வகை வழிபாடோ நாம் அறியோம்.

தோட்டத்து யாத்திரிகர்

இனி, நம் உள்ளத்துக்கு மிக அணித்தான செய்திக்கு வருகின்றோம். நாம் சிறுவராய் இருந்தபோது தோட்டத்திலிருந்து லொறியிலே நின்றபடி கதிர்காமம் போனோம். அரோகரா ஒலியிலே பயம் தோன்றவில்லை. வளைவுதோறும் எல்லோரும் ஒருபுறம் சாய்ந்ததும், தாய்மார் பிள்ளைகளை இறுகப் பிடித்ததும் நினைவில் உள்ளன. இன்று அதனை எண்ணுந்தோறும் உடல் நடுங்குகின்றது. எனினும், நம்மவர் இன்றும் மலிவான வண்டியையே தேடுகின்றனர். அவர்கள் உயிரை மலிவாக எண்ணுபவர் அல்லர். கையிலுள்ள பணம் அவ்வளவே.

ஆகவே, திட்டம் வகுப்போர் சொந்த வண்டியில் வருவோரை மட்டும் எண்ணித் தரிப்பிடம் அமைத்தால் பெரும்பாலோரை மறந்தவராவர். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலை, மொனராகலை ஆகிய ஊர்களிலிருந்து திருவிழாக் காலத்தில் பகல்வேளையிலே புறப்பட்டுப் பகல்வேளையிலே மலையேறித் திரும்பும் விசேட பஸ் சேவை வேண்டும். தோட்டத்திலே கூட்டாகப் போவோர் முன்கூட்டியே வண்டி ஒழுங்கு செய்ய வசதி வேண்டும். திரும்பும் பஸ் எங்கு நிற்கும், காணாமற்போன குழந்தையை எங்கு தேடுவது, வைத்தியர் எங்கு இருப்பார், ஆற்றிலே எப்பகுதி ஆழமானது என்பன போன்ற அறிவித்தல்கள் தமிழிலும் பிழையின்றி எழுதப்படவேண்டும். வாசிக்க அறியாதார்க்கு ஒலிபெருக்கியிலே தமிழிற் கூறவேண்டும். ஒரு தாய் தன் மொழியிலே எச்சரிக்கை கிடையாமையால் தன் பிள்ளையை ஆற்றுக்குக் கொடுத்தாள் என்னும் பழி நம் காலத்தில் நேரக்கூடாது.

மாணிக்க கங்கையின் மேற்பகுதியிலே வெஹெரகல நீர்த்தேக்கம் அமைந்தபின், ஆற்றிலே எக்காலத்தில் எவ்வளவு நீர் வரும் என்பது மழையோடு மனிதன் கையிலும் உள்ளது. நீர் குறைந்தால் நீராடும் துறை மாசுபடும். திடீரெனப் பெருகினால் குழந்தைகளுக்கு ஆபத்து. ஆதலால், நீர் திறக்கும் நேரமும் திருவிழா நிகழ்ச்சி நிரலிலே ஓர் உறுப்பாக அச்சிடப்படல் வேண்டும்.

முடிவாக

மேலே கூறியவற்றை வரிசைப்படுத்தினால், முதலில் வேண்டுவது எண்ணிக்கை. எந்த நாளில், எந்த வழியால், எத்தனை பேர், எவ்வகை வண்டியில் வருகின்றனர் என்பதை ஒவ்வோராண்டும் எண்ணிக் குறித்தல் வேண்டும். எண்ணாமல் இட்ட திட்டம் அளக்காமல் வெட்டிய சட்டை போன்றது. இரண்டாவது, மலைப்பாதையின் காப்பு. மூன்றாவது, காட்டு ஓரத்து அடித்தளங்களும் தொடர் பஸ் சேவையும். நான்காவது, நீரும் துப்புரவும். ஐந்தாவது, ஏழைகள் தங்கும் மடங்கள். கட்டடங்களும் அலங்கார வளைவுகளும் இவற்றுக்குப் பின்னரே வரத்தக்கன. நாமோ பெரும்பாலும் வளைவிலிருந்தே தொடங்குகின்றோம்.

இவற்றை எல்லாம் அரசே செய்யட்டும் என்று நாம் வாளாவிருக்க முடியாது. நம் கல்லூரியிலே பயின்றோர் இன்று பொறியியலாளராக, வைத்தியராக, நில அளவையாளராக, ஆசிரியராக, பிரதேச சபை உறுப்பினராக விளங்குகின்றனர். உயர்வகுப்பு மாணவர் முப்பது பேர் திருவிழாவின் மூன்று நாள்களிலே வெல்லவாயச் சந்தியிலும் புத்தலச் சந்தியிலும் நின்று வண்டிகளை எண்ணிக் குறித்தால், அந்த ஒரு கொப்பிப் புத்தகம் பல அறிக்கைகளிலும் மேலான பயனைத் தரும். கணித பாடத்துக்கும் அது நல்ல பயிற்சி. எண்ணிய கணக்கைப் பழைய மாணவர் சங்கத்தின் பெயரால் மாவட்டச் செயலகத்துக்கு நாம் முறைப்படி அனுப்பலாம். விழா மலர் அச்சிடுவதோடு விழா முடிந்துவிடாமல், அதன் நினைவாக இப்பணி ஆண்டுதோறும் தொடருமாயின் அது கல்லூரிக்கும் பெருமை.

கதிர்காமம் போய்வந்தவர் வீட்டுக்குத் திருநீறும் தீர்த்தமும் கொண்டுவருவது வழக்கம். அவற்றைக் கொண்டுவருபவர் நலமாக வீடு வந்து சேர்தல் வேண்டும். அதற்குரிய வழியைச் செப்பஞ் செய்தலும் கந்தனுக்குச் செய்யும் தொண்டே என்று கூறி, கேள்வி கேட்ட மாணவரையே முதலாவது எண்ணிக்கையாளராக வருமாறு அழைக்கின்றோம்.